எட்டாம் சுற்றின் உறை

"எல்லாம் எழுதிட்டேன் டீச்சரம்மா. ஒரே ஒரு இடத்துலதான் பேனா நகர மாட்டேங்குது," என்றார் அருளப்பன்.

அந்தத் துறைமுக ஊரில் வருஷாவருஷம் நடக்கும் சர்வதேசச் செஸ் போட்டிக்கு இது முப்பத்தைந்தாவது வருஷம். அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதும் பொறுப்பு அவருடையது.

சீடருக்கு வயது அறுபது, குருவுக்கு நாற்பது. வேடிக்கைதான், என்ன செய்ய! பல்கீஸ் அந்தப் போட்டியின் தலைமை நடுவர். அவரிடம் நடுவர் வேலை பழக வந்து சேர்ந்தவர் இவர்.

ஆட மாட்டாராம். ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதுமாம். காயைக் கண்டால் கை துறுதுறுக்கும். உடனே அதைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார். பாவம் மனுஷன்.

"எந்த இடம்?"

"மூணாவது வருஷம். எட்டாவது சுற்று."

பல்கீஸ் பீரோவைத் திறந்து, பழுப்பேறிய உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மேலே இரண்டு பெயர்கள். ஒன்று அருளப்பன். இன்னொன்று பெரென்ஸ் என்ற ஹங்கேரிக்காரர்.

அப்போதெல்லாம் ஆட்டம் முடியாமல் நேரமாகிவிட்டால் நிறுத்திவைப்பார்கள். ஆட வேண்டியவர் தன் அடுத்த நகர்த்தலை யாருக்கும் காட்டாமல் எழுதி, உறையில் ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் அதைப் பிரித்து ஆட்டத்தைத் தொடர்வார்கள்.

அன்று அப்படி எழுதி ஒட்டிக் கொடுத்தவர் பெரென்ஸ். மறுநாள் அருளப்பன் வரவில்லை.

"தோத்துட்டேன்னு நானே முடிவு கட்டிட்டேன். காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்கு ஓடிட்டேன். அதுக்கப்புறம் ஒரு காயைத் தொட்டதில்ல." "அவரு... என்ன பண்ணாரு?"

"உங்க நேரம் தீர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம். வாசலையே பார்த்துக்கிட்டு. பழைய நடுவர் பீரோ சாவியைக் குடுக்கும்போது சொன்னார்."

அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரிங்க டீச்சரம்மா. நிஜமாவே தோத்திருப்பேனா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் முப்பத்திரண்டு வருஷமா இந்த ஹாலைச் சுத்திச் சுத்தி வர்றேன்."

"உறையை எப்போ பிரிக்கணும்? சொல்லிக்குடுத்திருக்கேன் இல்ல?"

"பதில் ஆட வேண்டியவர் பலகை முன்னாடி வந்து உட்கார்ந்ததும்."

"நீங்க நிக்கிறீங்க சார்."

பல்கீஸ் பலகையை விரித்தார். எந்தக் காயை எங்கே வைப்பது என்று கேட்கவில்லை.

பிறகு அருளப்பனின் கை சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. பதினோரு காய்களையும் தடுமாறாமல் அதனதன் கட்டத்தில் வைத்தது. தினம் தினம் நினைத்தது எப்படி மறக்கும்?

உட்கார்ந்தார்.

பல்கீஸ் உறையைக் கிழித்தார். காகிதத்தைப் படித்தார். கறுப்பு யானையை ஒரே ஒரு கட்டம் பக்கத்தில் நகர்த்திவிட்டு, கடிகாரத்தைத் தட்டினார்.

அட, இதுவா! எத்தனை எத்தனை நகர்த்தல்களை நினைத்துப் பயந்திருக்கிறார். இது அதில் இல்லவே இல்லை.

அருளப்பன் குனிந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சற்றுப் பொறுத்து பல்கீஸ் கேட்டார்.

"இப்போ சொல்லுங்க. புத்தகத்துல என்னன்னு எழுதப்போறீங்க? தோல்வின்னா?"

அருளப்பன் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரலை உதட்டில் வைத்தார்.

"ஷ்... ஆட்டம் நடக்குது."