நாலு சிலிண்டர்

ஆத்துக்காட்டுப்புதூரில் முட்டாள்களே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நாலு பேர் இருக்கிறோம். சங்கம் வைத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்து, ஒழுங்காக நடத்திக்கொண்டு வருகிறோம்.

பழைய மோட்டார் பாதுகாப்புச் சங்கம் என்று பெயர். தலைவர் நாச்சிமுத்து, மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர். செயலாளர் தெய்வசிகாமணிக்கு ஆஸ்துமா. நல்ல காற்று வாங்கலாம் என்று வந்தவரைச் செயலாளர் ஆக்கிவிட்டோம். டிரைவர் கிட்டான். நான் வையாபுரி, உறுப்பினர். உறுப்பினர் என்று ஒருத்தனாவது இல்லாவிட்டால் சங்கம் செல்லாது என்று யாரோ சொன்னதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

சங்கத்துக்கு ஒரே ஒரு வண்டி. டார்சினி என்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காலத்தில் ரேஸில் எல்லாம் ஜெயித்த ஜாதியாம். மில்லை மூடியபோது துரை விட்டுப் போன இந்த வண்டியை யாரும் சீந்தவில்லை. நாங்கள் நாலு பேரும் தெய்வசிகாமணி வீட்டு ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். அன்றைக்குத் தள்ள ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை.

வண்டியில் ரெண்டு பேர்தான் உட்காரலாம். நாங்கள் நாலு பேர். இதைப் பெரிய குறை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். தள்ளாமல் அது கிளம்பாது. தள்ள ரெண்டு பேர், உட்கார ரெண்டு பேர். கம்பெனிக்காரன் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் என்று நாங்கள் அடிக்கடி வியந்துகொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி டீக்கடை வரைக்கும் போவோம். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டுமே, அதனால் டீக்கடையைச் சுற்றிக்கொண்டே இருப்போம். முதல் சுற்றில் டீ சொல்வது, ரெண்டாவது சுற்றில் கிளாஸை வாங்குவது, ஆறாவது சுற்றில் திருப்பிக் கொடுப்பது. தள்ளிவிட்டுப் பின்னால் நடந்து வருகிற ரெண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகக் குடிப்பார்கள். அதனால் உட்கார்ந்து போவதைவிடத் தள்ளுவதற்குத்தான் எங்களுக்குள் போட்டி.

இப்படி இருக்கையில் என் மகள் சுகன்யா ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தாள். டவுனில் டார்சினி ஷோரூமில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அவள் அம்மாவின் மூளை.

"அப்பா, மாமா, எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. டார்சினியில ஏழாவது தலைமுறை வண்டி வருது. முழுக்கக் கரண்டுல ஓடுறது. இஞ்சினே கிடையாது, சத்தமும் வராது. சத்தம் இல்லாத ஸ்போர்ட்ஸ் காரை எவன் வாங்குவான்? அதனால பழைய டார்சினியோட சத்தத்தைப் பதிவு பண்ணி, புதுசுல ஸ்பீக்கர் வழியா விடப் போறாங்க. இந்தப் பக்கத்துல ஓடுற பழைய டார்சினி நம்மது ஒண்ணுதான்."

"ஓடுதுன்னு யாரு கண்ணு சொன்னது?" என்றார் சிகாமணி.

"நான்தான் மாமா மேனேஜர்கிட்ட அடிச்சுச் சொன்னேன். எனக்கு ஆறு மாசத் தற்காலிக வேலை. பதிவு பண்ற அன்னிக்குத்தான் சரியா முடியுது. சத்தம் கிடைச்சுதுன்னா வேலை நிரந்தரம். கிடைக்கலைன்னா மறுநாள்ல இருந்து இங்கதான், உங்ககூடத்தான்."

பெற்ற மகள் சங்கத்தில் ஐந்தாவது உறுப்பினராக வந்து உட்காருவதை எந்தத் தகப்பன் தாங்குவான்? என்ன செய்யவேண்டும் சொல்லம்மா, அப்படியே செய்கிறோம் என்றேன்.

"வண்டியை இருக்கிறபடியே கொண்டு வாங்க. துடைக்கிறது, பெயிண்ட் அடிக்கிறது எதுவும் வேண்டாம். எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. பத்து மணிக்குத்தான் ஷோரூம் கேட்டுக்குள்ள வரோணும். வந்துட்டீங்கன்னா, வண்டி நின்னாக்கூடப் பரவாயில்லை, சத்தம் நிக்கக் கூடாது. பக்கத்துலயே மைக் இருக்கும், யாரு என்ன கேட்டாலும் பதில் பேசாதீங்க."

அந்தப் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை. அவள் சொன்னதில் ஒன்றே ஒன்றைத் தவிர எதையும் நாங்கள் மீறவும் இல்லை.

அந்த நாள் காலையில் கிளம்பும்போதே ஒரு சிக்கல். ஷெட்டுத் தூணுக்கும் வண்டியின் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவில் சிகாமணி வீட்டுத் துணிக்கொடி கட்டியிருந்தது. துணியும் காய்ந்துகொண்டிருந்தது.

"அவுத்துரலாமா?" என்றான் கிட்டான்.

தலைவர் கொடியை இழுத்துப் பார்த்தார். "இருக்கிறபடியேன்னு பாப்பா சொல்லியிருக்குது. கொடி இருக்குதா இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்ப அது வரோணும்."

தூணைக் கொண்டுபோக முடியாது என்பதால் அந்தப் பக்கம் மட்டும் அவிழ்த்து, என் இடுப்பில் கட்டினார்கள். அன்றைக்குத் தள்ளுகிற முறை எனக்கும் சிகாமணிக்கும். தள்ளிக் கிளப்பிய பிறகு, ரெண்டு புடவை, ஒரு போர்வை, சிகாமணியின் மூணு பனியன் சகிதம் வண்டிக்குப் பின்னால் பதினாலு கிலோமீட்டர் ஓடினேன். கிட்டான் மெதுவாகத்தான் ஓட்டினான், குறை சொல்லக் கூடாது. மூச்சு இரைக்கும் என்று சிகாமணி பஸ்ஸில் முன்னாடியே போய்விட்டார்.

ஷோரூம் வாசலை அடைந்தபோது மணி எட்டே முக்கால். சிகாமணி அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார். பத்துக்கு முன்னால் உள்ளே போகக் கூடாது. இஞ்சினை நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே? எதிரே இருந்த ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்தோம். இருபதாவது சுற்றில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். டீ தருகிறார் என்று நினைத்துத் தலைவரும் கையை நீட்டினார். முப்பதாவது சுற்றில் போலீஸ்காரரே சலித்துப்போய்க் கிளம்பிவிட்டார். எனக்கும் தலை சுற்றியதால் கொடியை அவிழ்த்து வண்டிக்குள் போட்டுவிட்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நாங்கள் செய்த மீறல், அதுவும் நான் செய்தது.

சரியாக ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வண்டி ரெண்டு தரம் இருமி நின்றுவிட்டது.

கிட்டான் குச்சியை விட்டுப் பார்த்தான். டேங்க் காய்ந்து கிடந்தது. "இன்னிக்கு எவ்வளவு ஊத்துனீங்க?" என்று கேட்டான்.

"எப்பவும் ஊத்துற ரெண்டு லிட்டர்தான்," என்றார் தலைவர். "எப்பவும் செய்யறதையே செய்யச் சொன்னாங்கல்ல."

கேட்டுக்கு உள்ளே பந்தல், நாற்காலி, மாலை, பெரிய மைக்குகள் எல்லாம் தயாராக இருந்தன. வெளிநாட்டிலிருந்து கிளாரா என்று ஓர் அம்மா வந்திருந்தார். சத்தத்துக்கென்றே படித்தவராம். அவர் பக்கத்தில் என் மகள் புதுச் சுடிதார் போட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடப் பரீட்சைக்குக்கூட அவள் நகம் கடித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாத வையாபுரி. பாப்பா கடைசியா என்ன சொல்லுச்சு? ஒரு எழுத்து மாறாமச் சொல்லு," என்றார் தலைவர்.

"வண்டி நின்னாலும் பரவாயில்லை, சத்தம் நிக்கக் கூடாது."

"வண்டி நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

"அதுக்குத்தான் பாப்பா பரவாயில்லைன்னு அப்பவே சொல்லிருச்சே. இனிச் சத்தம் மட்டும்தான பாக்கி? கிட்டான், இந்த இஞ்சின்ல எத்தனை சிலிண்டர்?"

"நாலு."

"நாம எத்தனை பேரு?"

கிட்டான் எண்ணிப் பார்த்து நாலு என்றான். எங்களுக்கெல்லாம் புல்லரித்தது. கம்பெனிக்காரன் இதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

முதல் சிலிண்டர் யார் என்பதில் கொஞ்சம் தகராறு வந்தது. தலைவர் இருக்கும்போது வேறு யாரும் முதல் ஆக முடியாது என்று முடிவாயிற்று. ரெண்டாவது சிகாமணி, மூணாவது கிட்டான், நாலாவது நான்.

"வரிசையாச் சத்தம் போடக் கூடாது," என்று கிட்டான் எச்சரித்தான். "இஞ்சின் வெடிக்கிற முறையே வேற. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. அப்புறம் நம்ம வண்டியில நாலாவது சிலிண்டர் எப்பவும் சரியா வெடிக்காது. அஞ்சு தரத்துக்கு ஒரு தரம் விட்டுரும். வையாபுரி, நீ அஞ்சு தரத்துக்கு ஒரு தரம் சும்மா இருக்கோணும்."

சும்மா இருப்பதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

பத்து மணிக்கு உள்ளே போனோம். கிட்டான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை டேஷ்போர்டுக்குக் கீழே விட்டுக்கொண்டார். நானும் சிகாமணியும் பின்னால் குனிந்து தள்ள, நாலு பேருமாக "டுப், டுப்" என்று போட்டோம். ரெண்டு பேர் ஓடி வந்து, சைலன்சரிலும், எங்கள் மோவாய்க்கு நேர் கீழே வண்டியின் பின்பக்கத்திலும் மைக்கை ஒட்டிவிட்டுப் போனார்கள். கிட்டான் கியரை மாற்றியபோது நாங்களும் குரலை உயர்த்தினோம். சிகாமணியின் ஆஸ்துமா விசில் தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. எனக்கு வந்த பயத்தில் அஞ்சு தரம் என்று எண்ண முடியவில்லை. தப்புச் செய்ய வேண்டிய இடத்திலெல்லாம் சரியாகச் செய்து, சரியாகச் செய்ய வேண்டிய இடத்தில் தப்பு விட்டேன்.

சுகன்யா பக்கத்தில் வந்தாள். குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"டுப், டுப்," என்றேன். யார் கேட்டாலும் பதில் பேசக் கூடாது என்று அவளே சொல்லியிருக்கிறாளே.

"இஞ்சின் ஓடலையா?"

"டுப்."

"அப்பா, உங்களைக் கும்பிடறேன், நிறுத்துங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. நிறுத்தினால் அவள் வேலை போய்விடும், நிறுத்தாவிட்டால் அவள் அழுகிறாள். ஒரே ஒரு தரம் "டுப்" என்பதை முடிந்த அளவு பாசமாகச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

அதற்குள் மேனேஜர், ஏன் ரெண்டு பெரியவர்கள் வண்டியைத் தள்ளுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். சுகன்யா துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடை மைக்கைப் பிடித்தாள். "இது இவங்க சங்கத்தோட பாரம்பரியம் சார். பழைய வண்டிக்கு மரியாதையா, அது போற தூரம் பூரா ஒரு கையை மேல வெச்சுட்டே கூட வருவாங்க," என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் அம்மாவின் மூளை என்று சும்மாவா சொன்னேன்?

கிளாரா அம்மா காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூணு சுற்று முடிந்து நாங்கள் நாலு பேரும் சுருண்டு விழுகிற நிலைக்கு வந்தபோது ஹெட்போனைக் கழற்றி, கண்ணீர் விட்டார். உலகம் முழுக்கப் போய் முப்பது பழைய டார்சினியைப் பதிவு செய்தாராம். எல்லாம் இயந்திரம் மாதிரி இருந்ததாம். உயிர் இருந்தது இது ஒன்றில்தானாம். என் மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சாயங்காலமே நிரந்தர உத்தரவு கைக்கு வந்துவிட்டது. அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அது வேறு கதை.

எட்டு மாதம் கழித்து ஏழாவது தலைமுறை டார்சினி வெளியே வந்தது. முதல் வண்டியைச் சுகன்யாவே ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். தள்ளாமலே வந்தது. எங்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"இப்பக் கேளுங்க," என்று சொல்லி ஆக்சிலரேட்டரை அமுக்கினாள்.

நாலு பேரும் காதைக் கொடுத்துக் கேட்டோம். தலைவரின் முகம் மாறியது. கிட்டான் குனிந்து ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்தான். இன்னொரு தரம் போடச் சொன்னோம். போட்டாள்.

"பாப்பா," என்றார் தலைவர், "தப்பா நினைச்சுக்காத. இது இஞ்சின் சத்தமே இல்ல. எவனோ வாயில போட்டிருக்கான்."

"பெரிய மோசடிங்க," என்றான் கிட்டான். "எனக்கு முதல் தரத்துலயே தெரிஞ்சு போச்சு."

"மாமா, அது நீங்கதான்," என்றாள் சுகன்யா.

"நாங்க போட்டது அசல் இஞ்சின் சத்தம் கண்ணு. அந்த வெள்ளைக்கார அம்மாவே கேட்டு அழுதாங்கல்ல? இதைக் கேட்டா யாருக்காவது அழுகை வருமா?" என்றார் சிகாமணி, விசிலோடு.

சுகன்யா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்று சங்கத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினோம். எங்கள் வண்டியின் அசல் சத்தத்தை வாங்கிக்கொண்டு போய், யாரோ நாலு பேரைக் கத்தவிட்டு ஏமாற்றிவிட்டீர்கள், உடனே மாற்றவும் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது நான்தான். மற்ற மூணு பேரையாவது மன்னித்துவிடலாம், நடுநடுவே விட்டு விட்டு "டுப்" என்கிறானே அந்த நாலாவது ஆள், அவனை எங்கே பிடித்தீர்களோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடவும்.