கிணற்றை மூடச் சொன்னவர்

ஊர்க் கிணற்றை மூடச் சொன்னவர் தணிகாசலம்.

அது ஒரு கடலோர ஊர். பக்கத்தில் அணுமின் நிலையம். அங்கே எந்த இடத்தில் தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். அந்த ஒரு கிணற்றில் மட்டும் குடிக்கிற தண்ணீர் ஊறியது.

நிலையத்துக்குள் மண்ணுக்கு அடியில் போகும் ஒரு குழாய் கசிந்துவிட்டது. கசிந்த தண்ணீரில் டிரிடியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. அது தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும். நிறம் இல்லை, வாசனை இல்லை. துணியில் வடிகட்டினாலும் நிற்காது. கொதிக்க வைத்தாலும் போகாது.

கசிவு எங்கள் சுற்றுச்சுவரைத் தாண்டவில்லை என்றது நிலையம். தாண்டியதா என்று பார்க்க வந்தவர் திலகா. நிலத்தடி நீரை ஆராய்வதுதான் அவர் வேலை.

தணிகாசலம் அவருடைய சீடர். ஆனால் வயதில் பெரியவர். பள்ளியில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் திலகாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார். அவர் திலகாவை மேடம் என்பார். திலகா அவரை சார் என்பார்.

கிணற்றுத் தண்ணீரை எடுக்கத் தணிகாசலம் கிளம்பினார். திலகா அவரிடம் ஒரு புட்டி சுத்தமான தண்ணீரைக் கொடுத்தார்.

“இதையும் எடுத்துட்டுப் போங்க. கிணத்தடியில திறந்து, வேற புட்டியில மாத்தி, மூடிக் கொண்டாங்க.”

“நான் கிணத்துத் தண்ணி எடுக்கப் போறேன். இது எதுக்கு மேடம்?”

“அதுவும் ஊரைப் பார்த்துட்டு வரட்டும்.”

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். சொன்னபடியே செய்தார்.

சோதனைக்கூடத்திலிருந்து கிணற்றுத் தண்ணீரின் முடிவு முதலில் வந்தது. டிரிடியம் இருந்தது. அதிகம் இல்லை. ஆனால் அந்த அளவுகூட அந்தக் கிணற்றில் இருக்கக் கூடாது.

“இன்னொரு புட்டியோட முடிவும் வரட்டும்” என்றார் திலகா.

தணிகாசலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்நேரம் எத்தனை குடம் இறைத்திருப்பார்களோ, எந்தக் குழந்தை குடிக்கிறதோ என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு ஓடினார்.

“கிணறு கெட்டுப்போச்சு. ஒரு சொட்டு குடிக்காதீங்க” என்றார்.

கிணற்றின் மேல் பலகைகளைப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு வேலையும் நேரத்தில் நடக்கவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டில் எது நடக்கும்? லாரி நினைத்தபோது வந்தது. வந்தால் சண்டை. வராவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை. கிணற்றுக்கு எதிர்வீட்டு ஜெசிந்தா, தணிகாசலத்தைக் கண்ட இடத்தில் நிறுத்திக் கேட்டாள்.

“லாரி எப்ப வரும் சார்?”

“வரும்மா, வரும்.”

“உங்க ‘வரும்’ல உலை வைக்க முடியுமா? எம் மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. பொறக்கிற பிள்ளையைக் கடல்லயா குளிப்பாட்டச் சொல்றீங்க?”

அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிணறு நல்லதாக இருந்துவிடாதா என்று நினைப்பார். உடனே, நல்லதாக இருந்தால் இத்தனை பேரை வீணாக அலைய விட்டோமே என்று நினைப்பார்.

மற்ற புட்டியின் முடிவு வந்ததும் திலகா அவரைக் கூப்பிட்டார்.

“இந்தப் புட்டிலயும் இருக்கு சார்.”

“அது எப்படி? அந்தத் தண்ணி கிணத்துக்குள்ள இறங்கவே இல்லையே!”

“அதான். உங்க கையைக் காட்டுங்க.”

நீட்டினார். மணிக்கட்டில் பெரிய கடிகாரம்.

“மச்சினன் வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்தது. பழைய மாடல். இருட்டுல முள்ளு மின்னும் மேடம்.”

“எதால மின்னுது?”

வேதியியல் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். முள்ளில் பூசியிருந்ததும் டிரிடியம்தான். பூச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, திறந்திருந்த புட்டிகளில் ஏறியிருக்கிறது.

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மூடினது தப்பா மேடம்?”

“மூடினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை.”

திடீரென்று தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. செருப்பைக் காலில் மாட்டியும் மாட்டாமலும் வண்டிக்கு ஓடினார். திலகாவும் வந்து ஏறிக்கொண்டார்.

வழியில் நிலையத்து அதிகாரி சபரிநாதன் போன் செய்தார். வண்டி முழுக்கக் கேட்கும் குரல்.

“சுத்தத் தண்ணிப் புட்டிலயும் இருக்காமே வாத்தியாரே! எங்க குழாயைப் போட்டு அந்தப் பாடு படுத்தினீங்க. சரி, போகட்டும். கிணறு சுத்தம்னு நீங்களே ஊர்ல சொல்லிடுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க.”

“அதுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன் சார்.”

திலகா மடியிலிருந்த புதுப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தார்.

வண்டி நின்றதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து லாரி வரவில்லை.

“இனி லாரியே வேண்டாம்” என்றார் தணிகாசலம். “தப்பு எம்மேலதான். என் கடிகாரத்துல இருந்தது தண்ணியில ஏறிடுச்சு. கிணறு நல்ல கிணறு!”

“நாசமாப்போன கடிகாரம்!” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அழுதுவிட்டாள். இரண்டு பேர் பலகைகளை இழுத்துப் போட்டார்கள். ஜெசிந்தா வாளியை இறக்கினாள். கயிறு சரசரவென்று ஓடியது.

திலகா போய் அந்தக் கயிற்றைப் பிடித்தார்.

“விடுங்கம்மா. மக நாக்கு வறண்டு கிடக்கா” என்றாள் ஜெசிந்தா. “அதான் சாரே நல்லாருக்குன்னுட்டாரே.”

திலகா விடவில்லை.

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அவரிடம் குரல் உயர்த்தினார்.

“என்ன மேடம் இது? எல்லாம் என் கடிகாரத்தால வந்ததுன்னு கண்டுபிடிச்சதே நீங்கதானே?”

“ஆமா சார்.”

“அப்புறம் ஏன் இவங்களைக் குடிக்க விட மாட்டேங்கறீங்க?”

“கெட்டதுன்னு சொன்னது உங்க கடிகாரம்” என்றார் திலகா. “நல்லதுன்னு சொல்றது யாரு?”