கரண்டுப் பெட்டிக்குள் பல்லியின் வால்

அந்தக் காலத்தில், பூச்சியும் கம்பியும் கரண்டும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஆவுடையப்பன் வீட்டுச் சுவரில் ஒரு பல்லி இருந்தாள். அவளுக்கு ஓயாத கவலை ஒன்று உண்டு. சொல்ல வேண்டியதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கவலை. வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். சொல்லி முடித்த பிறகும் படபடக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. பல்லி என்ன சொல்கிறாள் என்று அந்த வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. எந்தச் சுவரில் இருந்து சொன்னாள், அப்போது யார் எதைப் பேசிக்கொண்டிருந்தார் என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ஒரு தடவை, "அடுப்பில் பால் பொங்குது!" என்று அவள் கத்தினாள். அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன், "மூத்தவளுக்கு இந்தத் தையில மாப்பிள்ளை அமையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பல்லியே சொல்லிருச்சு!" என்று எல்லாரும் விரலை மடக்கித் தரையில் தட்டிக்கொண்டார்கள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. மாப்பிள்ளையும் அமைந்துவிட்டான். பல்லிக்கு மதிப்பு கூடிவிட்டது. அவள் பேச்சுக்குத்தான் இருந்த மதிப்பும் போய்விட்டது.

அந்த வீட்டுக்குக் கரண்டு வந்த புதிது அது. கரண்டு மின்னலின் மகன். ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவன். ஒரு கம்பி வழியாக வீட்டுக்குள் வருவான், விளக்கை எரிப்பான், விசிறியைச் சுற்றுவான், இன்னொரு கம்பி வழியாகத் திரும்பி ஓடுவான். யார் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பான். கேட்பவர் கூடக் கூட அவன் ஓட்டமும் கூடும். ஓட்டம் கூடக் கூடக் கம்பிக்கு உடம்பு கொதிக்கும்.

அதற்காகத்தான் வாசலை ஒட்டிய சுவரில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். கரண்டு வரும் பாதையில், பெட்டிக்குள், ஒரு சிறு இடைவெளி. அதில் ஒல்லியான ஈயக்கம்பி ஒருவன் இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பாலம்போல நிற்பான். ஓட்டம் அளவோடு இருந்தால் தாங்குவான். மீறினால் உருகி அறுந்துபோவான். பாலம் போனால் ஓட்டம் நிற்கும். வீடு இருட்டாகும், ஆனால் வீடு இருக்கும்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால், சுவரோடு சுவராகப் பல்லி இரண்டு முட்டை ஒட்டி வைத்திருந்தாள். பல்லி முட்டை ஒட்டினால் ஒட்டியதுதான். பெயர்த்தால் உடைந்துவிடும், தூக்கிக்கொண்டு வேறிடம் போக வழியில்லை.

மூத்தவள் கலியாணத்துக்கு முந்தின நாள் வந்தது. கிரைண்டர் ஒரு பக்கம், தண்ணீர் மோட்டார் ஒரு பக்கம், அறைக்கு அறை விசிறி, ஓலைப்பந்தல் முழுக்கச் சரவிளக்கு, போதாததற்கு ஒலிபெருக்கி. எல்லாம் ஒரே நேரத்தில் கரண்டைக் கூப்பிட்டன. ஈயக்கம்பி உருகி விழுந்தான். அவன் இடத்தில் அவன் தம்பியை வைத்தார்கள். அவனும் விழுந்தான்.

"ஏங்க, மாவு பாதியில நிக்குது. விடிஞ்சா இட்லிக்கு நான் என்ன பண்ண?" என்று ஆவுடையப்பன் மனைவி கோமு மாவுக்கையோடு வந்து நின்றாள்.

"எல்லாம் இந்த ஈயப்பயலால வந்த வினை. கூடக் கொஞ்சம் காத்தடிச்சா அறுந்துருதான். இரு, இவனுக்கு ஒரு வழி பண்ணுதேன்" என்று சொல்லி, ஆவுடையப்பன் எங்கிருந்தோ தடித்த செம்புக்கம்பி ஒன்றைக் கொண்டுவந்து மூன்று முறுக்கு முறுக்கி இடைவெளியில் சொருகினார்.

செம்புக்கம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "அண்ணாச்சி, நம்ம குடும்பத்துல பிடிச்ச பிடியை விட்ட சரித்திரம் கிடையாது."

"அப்படிச் சொல்லு என் ராசா! ஏளா கோமு, இனி நாளைக்கு வரைக்கும் ஒண்ணும் நிக்காது, பாத்துக்கோ."

பல்லி பெட்டியை நோக்கி ஓடிவந்தாள். "ஐயா, விடத் தெரியாதவனைக் காவலுக்கு வைக்காதீங்க! வீடு வெந்துரும்!" என்று கத்தினாள்.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு" என்றாள் கோமு. தரையில் தட்டினாள்.

"அக்கா, நான் சொன்னது அதில்ல..."

"திரும்பவும் சொல்லுது! நல்ல வாக்கு."

சுவர்தான் தப்போ என்று பல்லிக்குத் தோன்றியது. தெற்குச் சுவருக்கு ஓடிப்போய் மறுபடியும் கத்தினாள். கோமு அண்ணாந்து பார்த்தாள். "ஆத்தாடி, தெற்கேன்னா நினையாத விருந்தாளி வருவாங்கல்லா! ஏங்க, இன்னும் ரெண்டு படி அரிசி சேர்த்து ஆட்டச் சொல்லுங்க. அந்தப் பெரிய கிரைண்டரையும் போட்டுவிடுங்க."

பல்லி வாயை மூடிக்கொண்டாள். அவள் கத்தக் கத்தக் கரண்டுக்கு வேலைதான் கூடியது.

ஓட்டம் கூடியது. விளக்குகள் ஒரு கணம் மங்கிப் பிறகு எரிந்தன. சுவருக்குள் கம்பிகள் முனகத் தொடங்கின. பல்லி பெட்டிக்குப் பின்னால் ஊர்ந்து முட்டைகள் மேல் வயிற்றை வைத்துப் பார்த்தாள். முட்டை சுட்டது. கம்பியின் மேலுறை இளகி நாற்றம் வந்தது. அங்கிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பந்தலின் காய்ந்த ஓலை சுவரில் சாய்ந்துகிடந்தது.

"கரண்டே, தம்பி, கொஞ்சம் நில்லேன்" என்று கெஞ்சினாள்.

"நிக்கத் தெரியாதே!" என்று ஓடிக்கொண்டே சொன்னான் கரண்டு. "கூப்பிடுதாங்க, போறேன். எனக்கென்ன, பாதை இருக்கு, ஓடுதேன். பாதை இல்லைன்னா நான் எங்கே ஓட?"

பல்லி செம்புக்கம்பியிடம் திரும்பினாள். அவன் செக்கச்செவேல் என்று பழுத்திருந்தான்.

"விடுப்பா. நீயும் வெந்து, வீட்டையும் வேகவைக்கப் போற."

"உயிரே போனாலும் விடமாட்டேன். வாக்கு வாக்குதான்."

"உன் வாக்குக்கு என் பிள்ளைகளா எரியணும்?"

"ஏ பொலம்பி, போய் உன் சுவரைப் பாரு."

பல்லி பொலம்பவில்லை. அங்கும் இங்கும் பார்த்தாள். முட்டையைத் தூக்க முடியாது. கரண்டை நிறுத்த முடியாது. பாதையை அறுக்கலாம். அறுக்க அவளிடம் இருந்தது வால் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் பல்லி வால் கழலாது. பசிக்காலத்துக்கான கொழுப்பு அதில்தான் இருக்கும். பல்லிக் கூட்டத்தில் ஒருத்திக்கு மரியாதை என்றால் அது அவள் வாலுக்குத்தான். அந்த வாலைச் செம்புக்கம்பியின் ஒரு முனையில் இறுக்கிச் சுற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு அந்தரத்தில் குதித்தாள்.

அவள் எடைக்குக் கம்பியின் முனை பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆனால் கரண்டு விடுகிறவனா? இடைவெளி சிறியது. நீல நெருப்பாக மாறி ஒரே தாவாகத் தாவிக் கம்பியைத் தொட்டான்; கம்பி வழியாக வாலில் ஏறினான். வால் பொசுங்கியது. நெருப்பு முதுகை நோக்கி வந்தது.

"பிடிச்சதை விடாதே! விட்டா மானம் போச்சு!" என்று கத்தினான் செம்புக்கம்பி.

"போகட்டும்" என்றாள் பல்லி. உடம்பை ஒரு உதறு உதறினாள்.

வால் கழன்றது. அந்த உதறலில் கம்பியின் மறுமுனையும் பிடுங்கிக்கொண்டது; வாலும் கம்பியும் சேர்ந்து தரையில் விழுந்தன. இடைவெளி அகன்றது; கரண்டால் தாவ முடியவில்லை. நெருப்பு அணைந்தது. கிரைண்டர், விசிறி, பாட்டு எல்லாம் சட்டென்று ஓய்ந்தன.

"எவம்ல அது பெட்டியில கைய வச்சது!" என்று ஆவுடையப்பன் ஓடிவந்தார். பெட்டியைத் தொட்டவர் கையை உதறினார். சுவரில் கம்பி போன தடம் கருகியிருந்தது. ஓலையின் நுனி பழுப்பேறிப் புகைந்துகொண்டிருந்தது. கோமு ஒரு குடம் தண்ணீரை ஓலையில் ஊற்றிவிட்டு, வாலில்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லியைப் பார்த்தாள்.

"நீ என்னமோ சொன்னியே, என்ன சொன்னே? இப்போ சொல்லு. நாங்க யாரும் வாய் திறக்கல."

பல்லிக்கு மறுபடி படபடப்பு. முதல் தடவையாகக் கேட்கிறார்கள். இதையும் தப்பாகச் சொல்லிவிட்டால்? சுருக்கமாகச் சொன்னாள். "விடத் தெரிஞ்சவனை வைங்க அக்கா."

"ஈயப்பயலையா? அவன் ஒவ்வொரு தடவையும் செத்துல்லா போறான்!" என்றார் ஆவுடையப்பன்.

"அந்தா கிடக்கு என் வால். அதுக்குச் சாகாம விடத் தெரியும்."

வால் தரையில் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அதை எடுத்துப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தார். வால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. கரண்டு ஓடினான். எல்லாம் சேர்ந்து அவனைக் கூப்பிட்டதும் வால் கொஞ்ச நேரம் சூட்டைப் பொறுத்தது. பிறகு "டக்" என்று விட்டுவிட்டுச் சாய்ந்தது. அவர் நிமிர்த்தினார். கருகிய இடத்தில் இரண்டு கம்பிகள் உறை போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கரண்டு குறுக்கே பாய்ந்தான். இந்தத் தடவை வால் ஒரு நொடியும் பொறுக்கவில்லை. டக்!

"என்ன அழும்பு இது!" என்று அவர் கையால் அதை மேலே அழுத்திப் பிடித்தார். வெளியே பார்த்தால் நிமிர்ந்து நின்றதுபோல இருந்தது. உள்ளே பிடியை விட்டிருந்தது. விளக்கு எரியவில்லை.

"அதோட மல்லுக்கட்டாதீங்க. என்ன கோளாறுன்னு முதல்ல பாருங்க" என்றாள் கோமு.

பார்த்தார்கள். கருகிய கம்பியை மாற்றினார்கள். பெரிய கிரைண்டரையும் மோட்டாரையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நிமிர்த்தியபோது வால் நின்றது. பல்லி பெட்டிக்குப் பின்னால் போய் முட்டைகளில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ அசைந்தது. அப்போதும் அவள் நம்பவில்லை. மறுபடி மறுபடி காதை வைத்துக்கொண்டே இருந்தாள், குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளியே வரும் வரை.

அந்த நாள் தொடங்கித்தான், வீட்டில் ஓட்டம் அளவு மீறினால் டிரிப்பர் என்று நாம் சொல்லும் அந்த வால் பெட்டிக்குள் டக்கென்று பிடியை விடுகிறது. யாராவது பிடிக்க வந்தால் பல்லியும் தன் வாலை அங்கேயே துள்ளவிட்டுவிட்டு உயிரோடு ஓடிப்போகிறாள்.