அம்சவேணியின் குழந்தை

நஸ்ரினுக்கு வயது இருபத்தொன்பது. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் முழுக்க அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாடி அறையில் பாடமும் எடுப்பாள். அவளுடைய மாணவர் தணிகாசலத்துக்கு நாற்பத்து நான்கு. வேலை பார்த்த நூல் மில்லை மூடிய பிறகு, இந்த வயசில் உனக்கெதற்குக் கம்ப்யூட்டர் என்று ஊரே சொல்லியும் கேட்காமல் படிக்க வந்தவர். சொன்னவர்களை விடுங்கள், அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

மூன்று இன்டர்வியூவில் தோற்றுவிட்டார். நான்காவது மறுநாள் காலை, வேறொரு ஆஸ்பத்திரியில். இதுவும் போனால் குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுத் திருப்பூருக்கு மூட்டை கட்டுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். மகள் பத்தாவது படிக்கிறாள். போக அவருக்கு மனசே இல்லை.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியில் நஸ்ரினின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். கையில் இருநூறு கேள்வி பதில் அச்சடித்த கட்டு.

"எதுல வேணும்னாலும் கேளுங்க மேடம். தலைகீழாச் சொல்லுதேன்."

"டேபிள்ல ஒரே விவரம் ரெண்டு தடவை பதிவாகி இருக்கு. என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"நூத்திப் பதினாலாவது கேள்வி," என்றார் தணிகாசலம். மடமடவென்று ஒப்பித்தார். ஓர் எழுத்து பிசகவில்லை.

நஸ்ரின் தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். பயிற்சிக்காக வைத்திருந்த பதிவேட்டு நகலைத் திறந்தாள். அதில் என்ன செய்தாலும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிரசவ வார்டின் பட்டியல் திரையில் வந்தது.

"செஞ்சு காட்டுங்க."

தட்டினார். அச்சு அசலாக இரண்டு வரி வந்து நின்றது. பெயர், அம்சவேணியின் குழந்தை. பெண். பிறந்த தேதி ஒன்று, வார்டு ஒன்று, எடைகூட இரண்டு கிலோ நூறு கிராம். வரிசை எண் மட்டும்தான் வேறு. யாரோ அசதியில் இரண்டு தடவை ஏத்திட்டாங்க போல என்று முனகிக்கொண்டே என்டரை அழுத்தினார். ஒரு வரி அழிந்தது என்று திரை சொன்னது. முதல் தடவையிலேயே ஓடிவிட்டதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"சரிதான மேடம்?"

"கமாண்டுல தப்பே இல்லை. வாங்க, கீழ போயிட்டு வருவோம். இப்போ பார்வையாளர் நேரம்தான்."

பிரசவ வார்டின் ஓரக் கட்டிலில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள். நஸ்ரினைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு குழந்தைகள். இரண்டின் கையிலும் பெயர்ப் பட்டை. தணிகாசலம் குனிந்து ஒரு பட்டையை வாசித்தார். அம்சவேணியின் குழந்தை. மற்றதை வாசித்தார். அம்சவேணியின் குழந்தை.

இரண்டு பட்டைகளையும் மறுபடி மாறி மாறி வாசித்தார்.

"பேரு?" என்று கேட்டார்.

"பதினாறாம் நாள்தான வைப்போம் சார். இன்னும் ஒம்பது நாள் கெடக்கு," என்றாள் அம்சவேணி.

"அதுவரைக்கும் எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. இவ பசிச்சா ஊரைக் கூட்டிருவா. இவ சத்தமே போடமாட்டா, முழிச்சுப் பாத்துக்கிட்டே கெடப்பா. நாமளாப் பாத்து எடுத்துப் பால் குடுத்தாத்தான் உண்டு."

சத்தம் போடாதவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்து ஏழே நாள். தணிகாசலம் தன்னையறியாமல் கும்பிட்டார். ஏன் கும்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

திரும்பி வரும்போது பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"நான் யாரை அழிச்சேன் மேடம்? அழுறவளையா, அழாதவளையா?"

"எனக்கும் தெரியாது. திரையில அது தெரியாது அண்ணாச்சி."

"நிஜப் பதிவேட்டுல செஞ்சிருந்தா?"

"தடுப்பூசிக்குக் கூப்பிடுற பட்டியல்ல ஒரு பிள்ளைதான் இருந்திருக்கும்."

அவர் படியிலேயே உட்கார்ந்தார். நஸ்ரினும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுத் தூக்கோடு போனவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நாளைக்கு இதே கேள்வி வந்தா என்ன சொல்ல?"

"போய்ப் பாத்துட்டு வந்து அழிப்பேன்னு சொல்லுங்க."

"சிரிப்பாங்க மேடம். மத்தவன் எல்லாம் டக்குனு பதிலைச் சொல்லிட்டுப் போவான். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துட்டு, போய்ப் பாக்கேன்னு நான் நின்னா, அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. இந்த வேலையும் போயிரும்."

இந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டும் என்று நஸ்ரினுக்குத் தெரியும்.

"போனா இன்னொண்ணு தேடலாம் அண்ணாச்சி, நானும் கூட நின்னு தேடுதேன்," என்றாள். "அந்தப் பிள்ளைக்குப் பேர்கூடக் கிடையாது. இப்போதைக்கு அதுக்குன்னு இருக்குறது அந்த ஒரு வரிதான்."