எட்டில் ஒன்றாக வற்றும் வரை

கோமதிநாயகம் முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற மறு மாதமே மலையடிவாரத்து வைத்தியசாலைக்கு வந்து வடிவாம்பாளிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார். குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "சார்" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

சாருக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. திப்பிலி ஏன் காரம், ஆடாதோடை ஏன் கசப்பு, இரண்டும் சேர்ந்தால் சளி ஏன் இளகுகிறது என்று நாள் முழுக்கக் குடைவார். அன்று காலை கேட்ட கேள்வியில் மட்டும் குரல் கம்மியிருந்தது.

"மருந்து சரியாத்தான் இருக்கு. நோய் ஏன் கேக்க மாட்டேங்குது, அம்மா?"

எதிரே உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளைப் பற்றிய கேள்வி அது. கல்யாண வீடுகளில் இருபத்தைந்து வருஷம் புகைக்குள் நின்று சமைத்து, நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவள். முழுசாகக் குணமாகாது, மூச்சை லேசாக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அங்கே கொடுத்த மருந்துகளை நிறுத்தவே கூடாது என்ற கண்டிப்போடுதான் வடிவாம்பாள் கஷாயம் எழுதினார். காய்ச்சும் முறையைச் சொல்லிக் கொடுப்பதையும் வாராவாரம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சாரிடம் விட்டார். சார் தனியாகக் கவனித்த முதல் நோயாளி அவள்தான்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. முதல் நாள் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசியவள், இப்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். தன் கையாலேயே இவளைக் கொன்றுவிடுவோமோ என்று சாருக்குப் பயம் வந்துவிட்டது.

"இலை பழசா? அளவு பத்தலையா? திப்பிலியைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாமா?"

வடிவாம்பாள் நாடி பார்த்த கையை விட்டார். பேச்சியம்மாளின் முந்தானை நுனியை எடுத்து முகர்ந்தார்.

"சார், இன்னிக்குக் கஷாயத்தை இவங்க வீட்டுக்கே போய் நீங்க காய்ச்சிக் குடுத்துட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான். இவங்க எப்படிக் காய்ச்சுறாங்களோ, அப்படியே."

பேச்சியம்மாளுடையது ஒற்றை அறை வீடு. மேடையில் கேஸ் அடுப்பு பளிச்சென்று துடைத்து வைத்திருந்தது. கீழே மூலையில் மூன்று செங்கல். அதற்கு மேலே சுவரில் புதுக் கரி.

"கேஸ் தீந்து போச்சா?"

"இருக்கு சார். சோறு கொழம்பு... எல்லாம் அதுலதான். நீங்கதான சொன்னீக... கேஸ்ல வச்சா... குணம் போயிரும்னு. மருந்துக்கு மட்டும்... வெறகு. ஒருநா கூட... மாத்தல."

சொன்னது உண்மைதான். வைத்திய நூலில் இருந்தது இப்படி. விறகு, சிறுதீ, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும் வரை. வகுப்பெடுக்கிற பழக்கத்தில் அதை மூன்று தரம் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தார். பிழையில்லாமல் ஒப்பித்தாளே என்று அன்றைக்குச் சந்தோஷப்படவும் செய்தார்.

அவள் வழக்கம்போல் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்காரப் போனாள்.

"நீங்க வெளிய காத்தாட உக்காருங்க" என்று சார் அதை வாங்கிக்கொண்டார்.

மழைக்காலத்து விறகு. பற்றுவதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. கொஞ்சம் தூண்டினால் பொங்கியது, தணித்தால் அணைந்தது. சிறுதீ என்றால் குனிந்து ஊதிக்கொண்டே இருக்க வேண்டிய தீ என்று எந்த நூலும் அவருக்குச் சொன்னதில்லை. தண்ணீர் பாதிகூட வற்றவில்லை. அதற்குள் கண் எரிந்து, தொண்டை கமறி, இருமல் பிடித்துக்கொண்டது. நல்ல நுரையீரல் உள்ள மனுஷன் அவர். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், இரண்டு மாதம். கணக்கு வாத்தியாராக இல்லாவிட்டாலும் கணக்குப் புரிந்தது.

பாத்திரத்தைத் தூக்கி கேஸ் அடுப்பில் வைத்தார். விறகில் தண்ணீரைக் கொட்டினார்.

வாசலிலிருந்து பேச்சியம்மாள் பதறினாள். "ஐயோ சார்... குணம்..."

"இனிமே விறகே வேண்டாம், கேஸ்லயே வைங்க" என்றார் சார். முழுசாக வற்றியதும் கஷாயத்தை வடிகட்டி அவள் கையில் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. வடிவாம்பாள் வெந்நீர் கொடுத்தார்.

"முழுசா வத்துச்சா, சார்?"

"வத்துச்சு. பாதிக்கு மேல கேஸ்ல. இனிமே அங்க விறகு வேண்டாம்னு சொல்லிட்டேன்." இருமல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "தப்பு என்னோடது, அம்மா. நான்தான் சொன்னேன்."

"எப்படிக் காய்ச்சுறீங்கன்னு நானும் ரெண்டு மாசமா அவங்ககிட்டக் கேக்கலை."

சார் வெந்நீரைக் குடித்தார். அழுகையே வரும்போல இருந்தது. ஆனாலும் கேள்வி அவரை விடவில்லை.

"நூல்ல விறகுன்னு தெளிவா எழுதியிருக்கே, அம்மா. நாமளும் இங்க தோட்டத்துல விறகுலதான் காய்ச்சுறோம். அப்ப விறகுத் தீக்குன்னு ஒரு நல்ல குணமும் இல்லையா?"

"இருக்கு சார்" என்றார் வடிவாம்பாள். "கஷாயத்துக்கு ரொம்ப நல்லது."