கீரி காட்டிய தடம்

ஒரு செம்மணல் காட்டின் ஓரத்தில் புதிதாகக் கட்டிய வீடுகள் சில இருந்தன. காற்றடித்தால் மணல் வாசல்வரை வரும். காட்டுப்பூனையும் வருகிறது என்று முதலில் சொன்னது கூரன் என்ற கீரிதான்.

அன்றிலிருந்து அங்கே யாருக்கும் நிம்மதி இல்லை. கடைசி வீட்டில் செம்பி என்ற கோழி இருந்தது. வேலியோரம் அது இட்ட முட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மிஞ்சியவை மூன்றுதான். அவையும் போனால் இந்த முறை அடைகாக்க ஒன்றும் இராது.

தினமும் உச்சிவெயிலில் கூரன் ஓடி வரும். மணல்மேட்டில் பூனையைப் பார்த்ததாகச் சொல்லும். உடனே செம்பி முந்திரி மரத்தில் ஏறிக்கொள்ளும். பக்கத்து வீட்டு வெள்ளாடு சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பயம் தெளிந்து வந்து பார்த்தால் ஒரு முட்டை குறைந்திருக்கும். பக்கத்து மணலில் காலடித் தடம் இருக்கும்.

"பூனைத் தடம். நான் விரட்டாவிட்டால் உன்னையும் தூக்கியிருக்கும் அக்கா," என்று கூரன் மூச்சிரைக்கச் சொல்லும். வெள்ளாடு அதற்கு நன்றி சொல்லும்.

ஒரு நாள் கிளையில் இருந்தபடி செம்பி உண்மையிலேயே காட்டுப்பூனையைப் பார்த்துவிட்டது. தூரத்து மணலில், வாயில் ஓர் எலியோடு, வீடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அது முள் நிறைந்த உடைமரங்களுக்குள் போயிற்று. செம்பியின் இறகெல்லாம் சிலிர்த்தது.

இறங்கி வந்தால், இன்னொரு முட்டை இல்லை.

'எலியைக் கவ்விய வாய் முட்டையை எப்போது கவ்வியது?'

செம்பி பூனை போன வழிக்குப் போயிற்று. அங்கே தடம் உருண்டையாக, மெத்தென்று இருந்தது. நகத்தின் கீறல் ஒன்றுகூட இல்லை. மாலைக்காற்று வந்து அதை அழிப்பதற்குள் செம்பி கூரனையும் வெள்ளாட்டையும் அழைத்து வந்தது.

"கூரா, தடம் பார்ப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. இது யாருடையது?"

கூரன் குனிந்து பார்த்தது. "முயலாக இருக்கும்."

"பூனை இல்லையா தம்பி?"

"முட்டையிடத்தான் தெரியும் உனக்கு. பூனை நடந்தால் நகம் பதியும் அக்கா. உன் முட்டைக்குப் பக்கத்தில் பார்க்கவில்லையா? இதோ, இப்படி." கூரன் தன் முன்னங்காலை மணலில் அழுத்திக் காட்டியது.

ஐந்து விரல். ஐந்து நகக்கீறல்.

வெள்ளாடு அதை உற்றுப் பார்த்தது. பிறகு வேலியோரம் நடந்துபோய் அங்கிருந்த தடத்தைப் பார்த்தது. அசைபோடுவதை நிறுத்தியது.

"கீரித் தம்பி, அந்தக் காலை இங்கே கொண்டுவந்து வை," என்றது.

கூரன் வரவில்லை. எந்த மேட்டில் பூனை இருப்பதாகத் தினமும் சொன்னதோ, அதே மேட்டை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடியது.

மிஞ்சிய இரண்டு முட்டைகளும் பொரிந்தன. செம்பி இப்போதும் காலையில் மணலைப் பார்த்த பிறகே குஞ்சுகளை வெளியே விடுகிறது. நகம் பதிந்த தடத்தையும் தேடுகிறது, பதியாத தடத்தையும் தேடுகிறது.

நீதி: பயமுறுத்துகிறவன் கைகாட்டும் திசையை மட்டும் பார்க்காமல், அவன் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.