விழாத பிளேன்

“அம்மிணி, விழாத பிளேன் எது? அத மட்டும் சொல்லிப்போடு. நான் போயிட்டே இருக்கறேன்.”

கேட்டவர் சென்னியப்பன். பொள்ளாச்சி ரூட்டில் பஸ் ஓட்டியே தலை நரைத்தவர், போன தை மாதம்தான் ஓய்வு பெற்றார். அவர் கேட்டது சிந்துஜாவை. அவருடைய மகளை விடவும் இளையவள். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் காய்ந்து கிடக்கும் ஒரு குளத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். குரு என்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் குருவுக்கு இருந்ததெல்லாம் ஒரு கிரிக்கெட் தொப்பியும் வாய் பிளந்த ஷூவும்தான்.

குரு மண்ணில் உட்கார்ந்து ஒரு விமானத்தின் இறக்கைக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“போன வாரமும் இதையேதான் கேட்டேன்.”

“ஆமாங்க.”

“நீ ஒன்னும் சொல்லல.”

“ஆமாங்க.”

“இன்னிக்கு சொல்லியே ஆகோணும். கடைக்காரப் பையன் சாயங்காலம் வரைக்கும்தான் எடுத்து வெச்சிருப்பானாம்.”

“எதைங்க?”

சென்னியப்பன் போனை நீட்டினார். அதில் ஒரு போர் விமானம். சிவப்பு நிறம், கூர்மூக்கு, ஒல்லியான இறக்கை. நின்றுகொண்டிருக்கும்போதே பறப்பது போல இருந்தது.

“அழகா இருக்குதுங்க” என்றாள்.

“விழுமா, விழாதா?”

அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சென்னியப்பனுக்கு எரிச்சல் வந்தது. அவர் அவசரம் அவருக்கு. காசு அவருடையதுகூட இல்லை, மனைவி சரசுவதி சீட்டு எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒன்றுதான். அது உடைந்தால் அதற்குப் பிறகு விமானம் என்ற பேச்சே வீட்டில் எழக் கூடாது. சரசுவதி சொன்னால் சொன்னதுதான், அதில் மாற்றம் கிடையாது.

இந்த வயதில் எதற்கு இந்த ஆசை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கோயம்புத்தூர் சிக்னல்களில் நிற்கும்போதெல்லாம் அவர் தலைக்கு மேலே விமானம் இறங்கும். ஒரு நாளும் அவர் அதை முழுசாகப் பார்த்ததில்லை. அதற்குள் பின்னால் ஹாரன் அடித்துவிடுவார்கள்.

சிந்துஜா எழுந்து வந்து, டேப் ஒட்டிய விமானத்தை அவர் கையில் வைத்தாள்.

“இத ஓட்டுங்க.”

ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது தெர்மாக்கோல் பழுத்து மஞ்சளாகியிருந்தது. இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருந்தது, இரண்டு நுனியும் கொஞ்சம் தூக்கினாற்போல.

“பார்சல் டப்பா மாதிரி இருக்குது” என்றார் சென்னியப்பன்.

“ஒடச்சீங்கன்னா இதே மாதிரி ஒன்னு வாங்கித் தந்துரோணும்.”

“எந்தக் காசுல?”

“பாக்கெட்ல வெச்சிருக்கீங்கல்ல, அதுலதானுங்க.”

அவர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதை உடைத்தால் இவளுக்கு வாங்கித் தர வேண்டும். இவளுக்கு வாங்கித் தந்தால் தனக்கு இல்லை. இந்த ஜென்மத்துக்கு இல்லை.

விமானத்தைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று கரையை நோக்கி நடந்தார். பாதி ஏறியதும் நின்றார். என்ன ஆச்சு என்று சரசுவதி கேட்பாளே. ஓட்டச் சொன்னா, பயந்துபோய் வந்துட்டேன் என்றா சொல்வது?

திரும்பி வந்தார்.

“வேற பதிலே கிடையாதா அம்மிணி?”

“இல்லீங்க.”

“சரி, குடு.”

இடது குச்சி வேகத்துக்கு. வலது குச்சி திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும். அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தாள். பிறகு தானே விமானத்தை வீசி, காக்கை அளவுக்குச் சிறுத்துப்போகும் வரை மேலே ஏற்றி, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

சென்னியப்பன் அதை இறுக்கிப் பிடித்தார். விமானம் அவரை விட்டு விலகி நேராகப் போயிற்று. இடது பக்கம் தள்ளினார், இடது பக்கம் திரும்பியது. அட, இவ்வளவுதானா என்று ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போதுதான் கிளம்பியது.

திரும்பிய விமானம் அவரைப் பார்த்து வர ஆரம்பித்தது. காற்று அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டே வந்தது. அங்கே கரைக்கு அப்பால் ஒரு பாழுங்கிணறு, சுற்றுச்சுவர் இல்லாதது. அதற்குள் விழுந்ததை எடுக்க முடியாது.

கிணற்றை விட்டு விலக்க இடது பக்கம் தள்ளினார். அது வலது பக்கம் போயிற்று.

“அம்மிணி! ஒழுங்காத்தான் ஒடிக்கறேன், அது எதுத்தாப்புல போவுது!”

“உங்களப் பாத்து வருதுல்லீங்க. அப்ப இடது வலதாத்தான் மாறும்.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

இன்னும் பலமாகத் தள்ளினார். அது இன்னும் பலமாகக் கிணற்றுப் பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் ஒடித்தார். அது குப்புறக் கவிழப் பார்த்தது. ஒரு தப்பைச் சரிசெய்ய ஒரு தப்பு, அந்தத் தப்பைச் சரிசெய்ய இன்னொரு தப்பு. கட்டைவிரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. விமானம் மூக்கைக் கீழே போட்டுச் சுழன்று இறங்கத் தொடங்கியது.

“வாங்கிக்க! அம்மிணி, ரிமோட்ட வாங்கிக்க!”

சிந்துஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அது உன்ற பிளேன் கண்ணு!”

“தெரியுங்க.”

“கெணத்துக்குள்ள போவுது!”

“கைய எடுங்க.”

“என்னது?”

“குச்சிய விட்டுட்டுக் கைய எடுங்க.”

 இவளுக்குப் பைத்தியமா? பஸ் பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் ஓடியபோதுகூட அவர் ஸ்டீரிங்கை விட்டதில்லை. அன்றைக்கு ஐம்பது பேர் பிழைத்தது அவர் விடாததால்தான்.

“விட்டா விழுந்துருமே!”

“இப்ப மட்டும் என்ன பண்ணிட்டிருக்குதுங்க?”

 விமானம் பனை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டது. அதன் வயிற்றில் ஒட்டியிருந்த டேப்புகூடத் தெரிந்தது. போயிற்று, சீட்டுக் காசு போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சூடுபட்டவர் போல இரண்டு கட்டைவிரலையும் எடுத்துவிட்டார். பார்க்கத் துணிவில்லாமல் கண்ணையும் மூடிக்கொண்டார்.

சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

கிணற்றுக்குள் விழும் சத்தம் வரவில்லை. மோட்டாரின் ரீங்காரம்தான் கேட்டது, சீராக.

கண்ணைத் திறந்தார். சாய்ந்திருந்த பார்சல் டப்பா நிதானமாக நிமிர்ந்துகொண்டிருந்தது. இறக்கை மட்டமாயிற்று. மூக்கு மேலே வந்தது. கிணற்றின் மேலேயே, யாரும் ஓட்டாமல், தன்பாட்டுக்குப் பறந்து போயிற்று.

சென்னியப்பன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை. அது தூரத்துப் பனைகளைத் தாண்டும் வரை பார்த்தார்.

“அம்மிணி, நான் ஒன்னுமே பண்ணலியே.”

“ஆமாங்க” என்றாள் சிந்துஜா. அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மண்ணில் இறக்கினாள்.

சென்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. 

போன் அடித்தது. கடைக்காரப் பையன்.

“ஐயா, அந்தச் செவப்ப பேக் பண்ணிரட்டுங்களா? இங்க இன்னொருத்தரும் அதேதான் வேணும்னு நிக்கறாருங்க. நீங்க வேணும்னா சொல்லுங்க, உங்களுக்குத்தான். செம ஸ்பீடுங்க. தலகீழாக்கூடப் பறக்கும்.”

“தம்பி, ஒன்னே ஒன்னு கேக்கறேன்.”

“கேளுங்கய்யா.”

“அது மேல பறந்துட்டிருக்கறப்போ, நான் கைய விட்டுட்டேன்னா என்ன பண்ணும்?”



“கைய எதுக்குங்கய்யா விடோணும்?” என்றான் பையன்.

சென்னியப்பன் மண்ணில் கிடந்த மஞ்சள் விமானத்தைப் பார்த்தார்.

“அவருக்கே குடுத்துரு” என்றார்.